ஒன்பது இலக்கம் காட்டினால் துல்லியமா? ஃபைல் நேரம் பற்றிய கேள்வி பதில்

லினக்ஸ் சர்வர்களோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு. ஃபைல்களில் பதியும் நேரம் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

கார்த்திக்: அண்ணா, பென்டிரைவுக்கு ஆர்சிங்க் (மாறிய ஃபைல்களை மட்டும் காப்பி செய்யும் கருவி) போட்டால், மாறாத ஃபைல்களையும் ஒவ்வொரு தடவையும் மறுபடி காப்பி செய்கிறது. நேரம் ஒரு நொடி தள்ளி இருக்கிறது. டிரைவ் போச்சா?

டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. பென்டிரைவில் இருக்கும் ஃபேட்32 என்ற ஃபைல் அமைப்பில், ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தில் நொடிக்கென்று ஒதுக்கியது வெறும் 5 பிட். அதில் 32 எண்தான் அடங்கும், நொடியோ 60. அதனால் இரண்டிரண்டு நொடியாக எண்ணி வைக்கிறது. 10:15:07 அங்கே போனதும் 10:15:06 ஆகிவிடும். ஆர்சிங்க்கில் 'மாடிஃபை விண்டோ' ஆப்ஷனை 1 என்று வையுங்கள், அந்த ஒரு நொடியைக் கண்டுகொள்ளாது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்தால் 10 மில்லி நொடி வரை கிடைக்கும்.

ரேவதி: பழைய எக்ஸ்ட்3 பார்ட்டிஷனை எக்ஸ்ட்4 ஆக (இரண்டும் லினக்ஸின் ஃபைல் அமைப்புகள்) மாற்றினேன். புதிதாக உருவாக்கும் ஃபைலுக்கும், ஃபைல் விவரம் காட்டும் ஸ்டாட் கமாண்டு நொடிக்குப் பின்னால் ஒன்பது சுழியம்தான் காட்டுகிறது.

உங்கள் ஐநோட் (ஃபைலின் நேரம், அளவு போன்ற விவரம் பதியும் இடம்) 128 பைட்டாகவே இருக்கும். நொடியின் பின்னம் அதற்கு அப்பால் உள்ள கூடுதல் இடத்தில்தான் பதியும். டியூன்2எஃப்எஸ் கமாண்டில் மைனஸ் எல் போட்டு 'ஐநோட் சைஸ்' வரியைப் பாருங்கள். 128 என்றால், பேக்கப் எடுத்து, அன்மவுண்ட் செய்து, அதே கமாண்டால் 256 ஆக்கலாம். என்னைக் கேட்டால், புதிதாக ஃபார்மேட் செய்து டேட்டாவைத் திரும்ப ஏற்றுவது நிம்மதி. பழைய ஃபைல்களின் சுழியம் மட்டும் அப்படியே நிற்கும்; பதியாத பின்னம் எங்கிருந்து வரும்? இதில் இன்னொரு லாபமும் உண்டு: 128 பைட்டில் நேரம் 2038 ஜனவரியோடு முடிகிறது, 256-இல் 2446 வரை ஓடும்.

ஷாஜகான்: சார், என்னுடையது 256தான். ஆனால் ஸ்கிரிப்டில் நூறு ஃபைல் உருவாக்கினால், பலவற்றுக்கு ஒன்பது இலக்கமும் அச்சு அசலாக ஒன்றே.

எழுதும் இடம் நானோ நொடிக்கு இருக்கிறது, பார்க்கும் கடிகாரம் அப்படி இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒவ்வொரு முறையும் உண்மையான கடிகாரத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. கடைசி டிக்கில் (கெர்னலின் சீரான கடிகாரத் துடிப்பு) குறித்துவைத்த நேரத்தையே எடுத்து ஒட்டுகிறது. நொடிக்கு 250 டிக் என்றால் 4 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் முள் நகரும். சோம்பேறித்தனம் இல்லை இது. நேரம் மாறும்போதெல்லாம் ஐநோட்டை ஜர்னலில் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) எழுதவேண்டும், அந்தச் செலவுக்குப் பயந்துதான்.

இதில் அடிபட்டது, நெட்வொர்க் வழியே ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ். பதிப்பு 3-இல், கேஷில் (தன்னிடம் வைத்திருக்கும் நகலில்) இருப்பது பழசா என்று கிளையண்ட் நேரத்தை வைத்தே முடிவு செய்யும். ஒரே டிக்குக்குள் இரண்டாவது முறை மாறியதை அது கோட்டைவிட்டுவிடலாம். கெர்னல் டெவலப்பர் ஜெஃப் லேட்டன் இதற்குக் கொண்டுவந்த வழி எனக்குப் பிடித்தது: முந்தைய நேரத்தை யாராவது கேட்டுப் பார்த்திருந்தால் மட்டும், அடுத்த மாற்றத்துக்குத் துல்லியக் கடிகாரத்தைப் பார். யாரும் பார்க்காததற்கு ஏன் செலவு? 2023-இல் கெர்னல் 6.6-க்காகச் சேர்த்து, வெளியீட்டுக்கு முன்பே திரும்ப எடுத்தார்கள். பிந்தி மாறிய ஃபைல் முந்தி மாறியதுபோல் தெரிந்தது, எது பிந்தி மாறியது என்று நேரத்தை ஒப்பிடும் 'மேக்' மாதிரியான கருவிகளுக்கு அது விஷம். அதைச் சரிக்கட்டி, 2025 ஜனவரியில் வந்த 6.13-இல் மறுபடி சேர்த்தார்கள்.

ஆனால் 6.13 போட்டாலும் உங்கள் நூறு ஃபைல் பெரும்பாலும் அதே நேரத்தைத்தான் காட்டும். நடுவில் யாரும் ஸ்டாட் செய்யவில்லையே! ஒரே ஃபைலை எழுதி, ஸ்டாட் செய்து, உடனே மறுபடி எழுதிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மீனா: நோஏடைம் போட்டு மவுண்ட் செய்தால் துல்லியம் கூடுமா?

கூடாது. படித்த நேரத்தைப் பதியாமல் விடும், அவ்வளவுதான்.

கார்த்திக்: இன்னொன்று அண்ணா. டாரில் (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் கருவி) கட்டி வேறு மெஷினில் பிரித்தால் பின்னம் காணோம்.

குனூ டார் வழக்கமாக முழு நொடியைத்தான் எழுதும். கட்டும்போதே ஃபார்மேட்டை 'பாசிக்ஸ்' என்று கொடுங்கள். கட்டி முடித்த பிறகு ஒன்றும் செய்யமுடியாது.