கருங்கோழிக் குஞ்சு: கறுப்புக்குள் சேவல் எது, பெட்டை எது?

கடக்நாத் வளர்ப்பவர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றுதான்: "இதில் சேவல் எது?" மற்ற கோழிகளில் சில வாரங்களில் கொண்டை சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பக்கத்துக் கோழியான இதற்குக் கொண்டையும் கறுப்பு, தாடியும் கறுப்பு, நாக்கும் கறுப்பு. ஆகவே அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறேன். முதலில் முட்டையிலிருந்து வருவோம்.

கடக்நாத் பெட்டை அடைக்கு உட்காரவே மாட்டேன் என்கிறது. முட்டையை நாட்டுக்கோழிக்கு வைக்கலாமா? எத்தனை வைக்கலாம்?

தாராளமாக வைக்கலாம். கடக்நாத்துக்கு அடைக்குணம் குறைவு. அதை வற்புறுத்திப் பயனில்லை. முட்டை சிறியது, 40 கிராமுக்கு முன்னே பின்னே இருக்கும். நடுத்தர நாட்டுக்கோழி 10 முதல் 12 வரை மூடும். சந்தேகமாக இருந்தால் இரவில் மெதுவாகக் கையை விட்டுத் தொட்டுப் பாருங்கள். ஓரத்து முட்டை குளிர்ந்திருந்தால் இரண்டை எடுத்துவிடுங்கள். எல்லா முட்டையையும் ஒரே நாளில் வைக்க வேண்டும். நாளுக்கொன்றாகச் சேர்த்தால் முதல் குஞ்சு பொரித்ததும் தாய் எழுந்துவிடும், மிச்சம் வீண். வைக்கும் முன் அவள் இறக்கைக்கடியில் பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேன் கடித்தால் எந்தத் தாயும் 21 நாள் உட்கார மாட்டாள்.

இடி இடித்தால் அடைமுட்டை கெட்டுவிடும் என்று அம்மா கூடையில் இரும்பும் கரியும் போடுகிறார். உண்மையா?

இடிச்சத்தம் முட்டையைக் கெடுக்காது. மழையில் கூடை நனைவதும், மிரண்ட கோழி எழுந்து போய் முட்டை ஆறிப்போவதும்தான் கெடுக்கும். இரும்பு இருந்துவிட்டுப் போகட்டும், அம்மாவோடு சண்டை வேண்டாம். கூடையை மட்டும் சாரல் படாத இடத்துக்கு மாற்றுங்கள்.

இன்குபேட்டரில் 30 முட்டை வைத்தேன். 11 தான் பொரித்தது. மிச்சத்தை உடைத்தால் 9 குஞ்சுகள் முழுதாக வளர்ந்து, ஈரமாக, ஊதினாற்போல் செத்திருந்தன.

நீங்கள் சொல்லும் அந்த ஈரம்தான் துப்பு. முதல் 18 நாளும் ஈரப்பதம் அதிகமாக இருந்திருக்கிறது. அடையில் இருக்கும் முட்டை தன் தண்ணீரைக் கொஞ்சம் இழந்தாக வேண்டும். அப்போதுதான் அகன்ற முனையில் காற்றறை விரியும், குஞ்சு அதில் முதல் மூச்சு விடும். இழக்காவிட்டால் அந்த மூச்சுக்கு இடமில்லை.

ஈரமானியை நம்புவதைவிடத் தராசை நம்புங்கள். 10 முட்டையைச் சேர்த்து எடை போட்டு எழுதி வையுங்கள். 18-ஆம் நாள் எடை 11 முதல் 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். 400 கிராம் இருந்தால் 350-ஐ ஒட்டி வரவேண்டும். 375-இல் நின்றால் ஈரம் கூடுதல். 18-ஆம் நாள் வரை 50-55 சதவீதம், அப்புறம் 65-70, இது போதும். அந்த 18-ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதையும் நிறுத்திவிட வேண்டும். மூடியையும் திறக்கக் கூடாது.

வெப்பமானி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். காற்றாடி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி. காற்றாடி இல்லாததில் மேலே சூடாகவும் கீழே ஆறியும் இருக்கும், அதனால் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5-க்கு மேல் வரவேண்டும். பயணம் செய்து வந்த முட்டையை உடனே வைக்காமல், கூர்முனை கீழே இருக்க ஒரு நாள் ஓய்வில் விடுங்கள்.

ஓட்டில் குத்திப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது. உரித்து விடலாமா?

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். குத்தியதிலிருந்து வெளிவர 24 மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இல்லை. சவ்வில் ஓடும் ரத்தத்தையும் மீதி மஞ்சள் கருவையும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒருமுறை நான் பொறுக்காமல் நகத்தால் ஓட்டைச் சில்லுச் சில்லாக எடுத்தேன். சவ்வில் ஒரு சிவப்புக் கோடு கசிந்தது. குஞ்சு வெளியே வந்தபோது வயிற்றில் மஞ்சள் கரு ஒரு பட்டாணி அளவுக்குத் தொங்கியது. மறுநாள் காலையில் அந்தக் குஞ்சு உயிரோடு இல்லை. வெளியே வந்தவை இரண்டு நாள் தீனி இல்லாமல் தாங்கும், அவற்றை எடுக்க அவசரப்பட்டு மூடியைத் திறக்காதீர்கள்.

பொரித்த குஞ்சுகள் முழுக் கறுப்பாக இல்லை. முதுகில் கோடு இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? முட்டையும் கறுப்பாக இல்லையே?

கடக்நாத் குஞ்சு நீலம் கலந்த கறுப்பில், முதுகில் ஒழுங்கில்லாத கருங்கோடுகளோடு வருவது இயல்பு. வளர்ந்த கோழியிலும் முழுக்கறுப்பு மட்டுமல்ல, கழுத்தில் வெண்கோடும் பொன்கோடும் உள்ள வகைகள் உண்டு. முடியைப் பார்க்காமல் வாயைத் திறந்து நாக்கையும், காலையும், இறகை விலக்கித் தோலையும் பாருங்கள். முட்டை எப்போதும் வெளிறிய பழுப்புதான். கறுப்பு முட்டை என்று யாராவது படம் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஐந்து வாரக் குஞ்சில் சேவலை எப்படிப் பிரிப்பது? நூலில் ஊசி கட்டி ஆட்டிப் பார்க்கலாம் என்கிறார்களே?

ஊசி நூறு குஞ்சில் ஐம்பதைச் சரியாகச் சொல்லும். நாணயத்தைச் சுண்டினாலும் அதே கணக்குதான். இறக்கை இறகின் நீளத்தைப் பார்ப்பது, அதற்கென்றே இணைசேர்த்த பண்ணைக் கோழிகளுக்கு, இங்கே செல்லாது. எச்சத்துவாரத்தைப் பிதுக்கிப் பார்ப்பது 1920-களில் ஜப்பானில் உருவான கலை. பயிற்சி இல்லாதவர் அழுத்தினால் சின்னக் குஞ்சின் குடலுக்கே ஆபத்து.

ஒரே நாள் பொரித்தவற்றை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பலமான வெளிச்சத்தில் கொண்டையின் நிறத்தைத் தேடாமல் அடியின் தடிமனை விரலால் தொட்டுப் பாருங்கள். பெட்டையின் கொண்டை காகிதம் போல மெல்லியதாக, தட்டையாகக் கிடக்கும். சேவலுடையது அடியில் தடித்து, பல் தெரிய எழும்பும். வெயில் பட்டால் கறுப்புக்குள் லேசான ஊதா தெரியும். சேவலின் கால் தடிமன், நிற்கும் நிலை நிமிர்வு. இது யூகம்தான், முடிவு அல்ல.

முடிவு 10-12 வாரத்தில். முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்து இறகு ஒன்றை விரலால் நிமிர்த்துங்கள். நுனி வட்டமாக இருந்தால் பெட்டை. ஈட்டி போலக் கூராக, எண்ணெய் பூசியதுபோல் பளபளத்தால் சேவல். கறுப்பு இதை மறைக்க முடியாது. அதுவரை யாருக்கும் 'பெட்டை' என்று சொல்லி விற்காதீர்கள். ஐந்தாம் வாரத்தில் நான் பெட்டை என்று காலில் சிவப்பு நூல் கட்டிய ஒன்று, பதினான்காம் வாரம் விடியற்காலையில் அந்த நூலோடேயே கூவியது.

கடக்நாத் சேவலை மஞ்சள் கால் பெட்டையோடு விட்டேன். பாதிக் குஞ்சுக்குத் தோல் கறுப்பு, பாதிக்கு வெளுப்பு. ஏன்?

எனக்குப் பிடித்த கேள்வி. கறுத்தவை பெட்டை, வெளுத்தவை சேவல். தோலில் கறுப்பைத் தடுக்கும் ஒரு மரபணு பாலினக் குரோமோசோமில், அதாவது ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும் மரபணுத் தொகுப்பில், இருக்கிறது. வெளிர் கால் தாயிடம் அது உண்டு. கோழியினத்தில் தாய் அந்தக் குரோமோசோமைத் தன் மகன்களுக்கு மட்டுமே தருகிறாள். மகளுக்கு அது தகப்பனிடமிருந்துதான் வருகிறது. தகப்பன் கடக்நாத் என்பதால் மகளிடம் தடை இல்லை, கறுப்பாகிறாள். இதே போன்ற கருந்தோல் சில்க்கி கோழியில் மரபியல் அறிஞர்கள் பேட்சனும் பன்னெட்டும் 1911-இல் இதைக் காட்டினார்கள். ஜோடியை மாற்றிப் போட்டால், அதாவது தாய் கடக்நாத், தகப்பன் மஞ்சள் கால் என்றால், இரு பாலும் வெளுத்தே வரும். பச்சைக் கால், கருங்கால் நாட்டுப்பெட்டையோடும் இந்தக் கணக்கு வராது. அவளிடம் அந்தத் தடையே இல்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. அந்தக் கறுத்த பெட்டைகள் பார்வைக்கு அசல் போலவே இருக்கும், ஆனால் பாதி ரத்தம்தான். கடக்நாத் என்று கைமாறிவிட்டால் இனம் கலைவது இப்படித்தான். வேறு நிற வளையம் போட்டு, முட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

10 குஞ்சில் 8 சேவல்! நீள முட்டையாக வைத்ததுதான் காரணமா?

இல்லை. பாலினம் முட்டை உருவாகும்போதே தாயிடம் முடிவாகிவிடும். வடிவமும் வெப்பமும் அதை மாற்றாது. பத்தில் எட்டோ அதற்கு மேலோ சேவலாக வருவது ஏறக்குறைய 18 ஈட்டில் ஒரு முறை நடக்கும். அந்த ஒன்று உங்களுக்கு வாய்த்தது.

மூன்று வாரத்தில் ரத்தம் கலந்த எச்சம்.

ரத்தக் கழிச்சல். ஈரமான கூளம்தான் வளர்ப்பிடம். இன்றே கூளத்தை மாற்றி, எச்சத்தோடு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். நாளை என்றால் குஞ்சுகளில் சில செத்திருக்கும். வெள்ளைக் கழிச்சல் வேறு நோய், அதைத் தடுக்க 5-7 நாளில் லசோட்டா என்ற தடுப்பு மருந்துச் சொட்டு, 28-ஆம் நாள் மறுபடி, 8 வாரத்தில் தடுப்பூசி. இதில் தள்ளிப்போட எதுவும் இல்லை.

குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடரில் எத்தனை டிகிரி?

முதல் வாரம் 35, பிறகு வாரம் 3 டிகிரி குறையுங்கள். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. தரையில் வழவழப்பான செய்தித்தாள் விரித்தால் கால் விரிந்து முடமாகும். கோணிச் சாக்கு போடுங்கள்.

பெட்டைகள் இதுவரை வேறு சேவலோடு மேய்ந்தன. எத்தனை நாள் கழித்து அசல் முட்டை எடுக்கலாம்?

பழைய சேவலைப் பிரித்து, கடக்நாத் சேவலை விட்டு மூன்று வாரம். பெட்டையின் உடலில் பழைய விந்து இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு தங்கும். அதுவரை வரும் முட்டையை ஆம்லெட் போடுங்கள்.