வைரஸுக்கு உயிர் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வைரஸுக்கு உயிர் உண்டு என்கிறது ஒரு புத்தகம், இல்லை என்கிறது இன்னொன்று. பரீட்சையில் எதை எழுதுவது? – பிளஸ் ஒன் மாணவி, மன்னார்குடி

மார்க் வேண்டுமென்றால் உங்கள் டீச்சர் சொன்னதை எழுதிவிடுங்கள், வம்பு வேண்டாம். 1935-இல் வெண்டல் ஸ்டான்லி என்ற அமெரிக்க வேதியியலாளர் புகையிலைத் தேமல் வைரஸைப் பிரித்தெடுத்துப் படிகமாக்கிவிட்டார். படிகமாகிற ஒன்றை உயிர் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அந்தப் படிகத்தைக் கரைத்து இலையில் தேய்த்தால் செடிக்கு மறுபடி நோய் வந்தது! குழப்பம் அப்போதிருந்தே தொடர்கிறது.

கொஞ்சம் மரபுப்பொருள், அதன்மேல் ஒரு புரத உறை. பெரும்பாலான வைரஸ்களில் இவ்வளவுதான் சரக்கு, சிலவற்றுக்கு வெளியே ஒரு கொழுப்பு உறையும் உண்டு. சாப்பிடாது, மூச்சு விடாது, தானாகப் பெருகவும் தெரியாது. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போவதுபோல, தன் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவதுதான் அதன் பிழைப்பு. டி4 என்று ஒரு வைரஸ், நம் குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவைத் தேடிப் பிடிக்கும். அதன் மேல் கால்களை ஊன்றி, வாலைச் சுருக்கி, டி.என்.ஏ-வை மட்டும் உள்ளே செலுத்திவிட்டு வெற்றுக் கூடாக வெளியே நிற்கும். பாக்டீரியா தன் வேலையை மறந்து வைரஸ் பாகங்களைச் செய்ய ஆரம்பித்துவிடும். அரை மணி நேரத்தில் அது வெடித்து, நூறுக்கும் மேற்பட்ட புது வைரஸ்கள் வெளியே வரும். என்னைக் கேட்டால், உயிரா இல்லையா என்ற பட்டிமன்றத்தைவிட இந்த அரை மணி நேரம்தான் சுவாரசியம்.

கேள்வி: வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி டாக்டர் ஆன்டிபயாட்டிக் தரவில்லை. மெடிக்கலில் நானே வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா? – வாசகர், கோவில்பட்டி

வேண்டாம். பென்சிலின் போன்றவை பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுப்பவை, வைரஸுக்குத்தான் சுவரே கிடையாதே! அது பெருகுவதும் நம் செல்லின் தளவாடங்களை வைத்துத்தான், அதைக் குறிவைத்தால் அடி நமக்கே விழும். ஹெச்.ஐ.வி. போன்ற சிலவற்றுக்கு மருந்து இருக்கிறது என்றால், அவை தமக்கென்று வைத்திருக்கும் ஓரிரு நொதிகளை அது தடுப்பதால்தான். அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நாலைந்து வாழைகளில் இலை குறுகி, கொண்டையில் கொத்தாக நிற்கிறது. கடையில் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். எதை அடிப்பது? அந்தத் தோட்டத்துப் பழத்தைச் சாப்பிடலாமா? – விவசாயி, தாண்டிக்குடி

இலைக்காம்பையும் நடுநரம்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கரும்பச்சையில் புள்ளியும் சிறு கோடுமாகத் தெரிந்தால் முடிக்கொத்து நோய்தான், கீழ்ப் பழனி மலையில் மலைவாழையைப் பெருமளவு அழித்த அதே வைரஸ். நோய் கண்ட மரத்தைக் குணமாக்க மருந்து இல்லை, யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

வைரஸைச் சுமந்து திரிவது அசுவினிப் பூச்சி, இலையுறை இடுக்கில் கூட்டமாக ஒளிந்திருக்கும். அதனால் முதலில் பூச்சிமருந்து அடித்து அசுவினியைக் கொல்லுங்கள், அப்புறம்தான் மரத்தில் கை வைக்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டிச் சாய்த்தால் பூச்சி பக்கத்து மரத்துக்கு ஏறிவிடும். பிறகு கிழங்கோடு, பக்கக் கன்றுகளோடு தோண்டி எடுத்து அழித்துவிடுங்கள். கன்று பார்க்கப் பச்சைப்பசேலென்று இருக்கிறதே என்று மனசு வராது, ஆனால் தாய்மரத்தில் இருக்கும் வைரஸ் அதிலும் இருக்கும். அடுத்த நடவுக்கு வைரஸ் பரிசோதனை செய்த திசு வளர்ப்புக் கன்று வாங்குங்கள். வெட்டிய அரிவாளால் இந்த வைரஸ் பரவாது, அந்தக் கவலை வேண்டாம்.

பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம், வாழை வைரஸ் மனிதர்களைத் தொற்றாது. ஆனால் இளசிலேயே நோய் கண்ட மரம் தார் போடுவதே அபூர்வம்.