ஜீரோ என்று எழுதியிருந்தால் மாமிக்குக் கொடுக்கலாமா?

சித்திரை பிறந்துவிட்டால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் தாகத்தைப் பற்றியவை. இந்த முறை கலர், சோடா, டயட் பானங்கள் பற்றி வந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார். மதியச் சாப்பாடு முடிந்ததும் தினமும் கலர் வேண்டும் என்பார். இரண்டு லிட்டர் பாட்டிலை வீட்டில் ஐந்து பேரும் அன்றைக்கே முடித்துவிடுகிறோம். கணவரின் அம்மாவான மாமிக்குச் சர்க்கரை வியாதி இருப்பதால் அவருக்கு மட்டும் சர்க்கரை சேர்க்காத 'ஜீரோ' வாங்குகிறோம். பேசாமல் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் அதையே வாங்கிவிடலாமா? (வாசகி, கீழக்கரை)

பதில்: முதலில் அந்த இரண்டு லிட்டர் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். வழக்கமான கோலா பானங்களில் 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் வரை சர்க்கரை இருக்கும். அப்படியானால் முழு பாட்டிலில் 200 கிராமுக்கு மேல். ஐந்து பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு 40 கிராம், அதாவது எட்டு டீஸ்பூன். ஒரு டம்ளர் டீயில் யாராவது எட்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் நாம் குடிப்போமா? கலரில் இருக்கும் புளிப்பும் குளிர்ச்சியும் அந்த இனிப்பை மறைத்துவிடுகின்றன. உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு. ஒரு கால் லிட்டர் பாட்டிலே அந்த அளவைத் தொட்டுவிடும்.

திரவமாக உள்ளே போகும் சர்க்கரைக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. அது வயிற்றை நிரப்பாது. சோறு குறையாமல் அதற்கு மேல் இதுவும் சேரும். நம் ஊர் பானங்களில் இருப்பது கரும்புச் சர்க்கரை; அதில் பாதி ஃபிரக்டோஸ். அதைக் கையாளும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. தினமும் அளவுக்கு மேல் வந்தால் கல்லீரலில் கொழுப்பாகப் படியும், யூரிக் அமிலமும் ஏறும். தினமும் ஒன்று இரண்டு வேளை இனிப்புப் பானம் குடிப்பவர்களுக்கு, அரிதாகக் குடிப்பவர்களைவிட இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 26 சதவீதம் கூடுதல் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-ல் கணக்கிட்டார்கள். தாய்க்கே சர்க்கரை இருக்கும்போது உங்கள் கணவர் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டியவர்.

இனி ஜீரோ. மாமிக்கு எப்போதாவது ஒரு டம்ளர் தருவதில் தவறில்லை. அஸ்பார்டேம், அசிசல்ஃபேம் பொட்டாசியம், சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டிகள் ரத்தச் சர்க்கரையைச் சர்க்கரைபோல் ஏற்றுவதில்லை. லேபிளில் 951, 950, 955 என்று எண்ணாக மட்டும் இருந்தாலும் இவைதான். ஆனால் ஒன்றை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். மாமி இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்து, சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்து நடுங்கினால், அப்போது ஜீரோ ஒரு பயனும் தராது. சர்க்கரை போட்ட கலர் 150 மில்லி, அல்லது மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் உடனே கொடுக்க வேண்டும். இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் மாறிவிடும்.

அஸ்பார்டேம் புற்றுநோய் தரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் கேட்டு நீங்கள் பயந்திருக்கலாம். 2023 ஜூலையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது உண்மை. சான்று வலுவாக இல்லாதபோது வைக்கும் பிரிவு அது. அதே நாளில் உணவுச் சேர்க்கைகளை ஆராயும் நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 கேனுக்கு மேல் குடிக்க வேண்டும். ஆகவே மாமியின் அரை டம்ளருக்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

அதற்காக எல்லோருக்கும் ஜீரோ வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. நீண்ட காலம் பயன்படுத்தியும் கொழுப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அதனால்தான் மாமியின் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு. பிள்ளைகளுக்கு நிச்சயம் வேண்டாம். குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்ற வாசகம் அந்த பாட்டிலிலேயே சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். நாக்கு அந்த அதீத இனிப்புக்குப் பழகிவிட்டால் கொய்யாவும் பப்பாளியும் சப்பென்று ஆகிவிடும்.

பல்லை அமிலம் அரிக்கும் விஷயத்தில் ஜீரோவும் ஒன்றுதான் கலரும் ஒன்றுதான். கோலாவில் பாஸ்பாரிக் அமிலம், லெமன் வகைகளில் சிட்ரிக் அமிலம். பி.எச். என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; அது 5.5-க்குக் கீழே போனால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும், கோலாவோ 2.5 பக்கம் நிற்கிறது. குடித்தால் வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் தேய்க்க வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும். தினமும் கோலா குடித்த பெண்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி குறைவாக இருந்ததை அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 2006-ல் பதிவு செய்தது. காரணம் கோலாதான் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் வயதான மாமிக்கும் உங்களுக்கும் தினசரி வழக்கம் ஆகாமல் இருப்பது நல்லது.

ஒரே தட்டில் சேர்ந்து உண்ணும் சஹன் சாப்பாட்டுக்குப் பிறகு கலர் குடித்தால் செரிக்கும் என்ற நம்பிக்கை நம் பக்கம் பலமாக இருக்கிறது. ஏப்பம் வருவதால் லேசாக இருப்பதுபோல் தோன்றும், அவ்வளவுதான். வெறும் சோடாவில் எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டால் அதே ஏப்பம் வரும். இரண்டு லிட்டர் பாட்டில் லாபம் என்று வாங்காதீர்கள். விருந்தன்று சின்ன பாட்டில் போதும். தினமும் இரண்டு டம்ளர் குடிக்கும் உங்கள் கணவருக்கு, அதை விடும்வரை சில வாரம் ஜீரோ கைகொடுக்கும் என்றால் கொடுங்கள். அதுதான் அதன் சரியான இடம்.

கேள்வி: படகில் இரவு முழுக்க வலை வேலை. தூக்கம் வராமல் இருக்க எனர்ஜி ட்ரிங்க் இரண்டு மூன்று கொண்டுபோகிறோம். கலரைவிட இது சத்துதானே? (வாசகர், பாம்பன்)

பதில்: சத்து இல்லை, தம்பி. அதில் வேலை செய்வது கஃபீன். இந்த வகைப் பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கோலாவில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று பாட்டிலிலேயே எழுதியிருப்பார்கள். அப்படியானால் கால் லிட்டர் பாட்டில் இரண்டோடு வரம்பு முடிந்தது, மூன்றாவது தாண்டிவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், நெஞ்சு படபடக்கும் பழக்கம் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். சாராயத்தோடு சேர்ப்பது மிகவும் ஆபத்து. போதை ஏறியது தெரியாமல் இன்னும் குடிப்பார்கள், அதுவும் நடுக்கடலில்.

பகலில் வெயிலில் வேலை செய்து வியர்க்கும்போது தண்ணீருக்குப் பதில் இதையோ கலரையோ குடிப்பது இன்னும் மோசம். கடும் வெப்பத்தில் வேலை செய்தபடி சர்க்கரையும் கஃபீனும் சேர்ந்த பானம் குடித்தவர்களிடம், தண்ணீர் குடித்தவர்களைவிட, சிறுநீரகம் சிரமப்படும் அறிகுறிகள் அதிகம் தெரிந்ததை 2019-ல் வந்த ஒரு சிறு ஆய்வு காட்டியது. படகில் தண்ணீர் கேன் கூடுதலாக ஏற்றுங்கள். உப்புப் போட்ட நீராகாரம் ஒரு தூக்குவாளி கொண்டுபோங்கள். தூக்கத்துக்கு ஒரு பிளாஸ்க் கட்டன் சாயா போதும். தரைக்கு வந்ததும் தூங்குங்கள்.

கேள்வி: நான்கு வயது மகனுக்கு வயிற்றுப்போக்கு. பக்கத்து வீட்டு அக்கா லெமன் சோடாவின் கேஸை ஆற்றிக் கொடுக்கச் சொன்னார். கொடுக்கலாமா? (வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: கொடுக்காதீர்கள். அதில் சர்க்கரை மிக அதிகம், உப்பு மிகக் குறைவு. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுக்கும், போக்கு கூடும். ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் சொல்லியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டர் கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். கலரில் அதைப்போல எட்டு மடங்கு சர்க்கரை. பொடி கைக்குக் கிடைக்கும்வரை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

மருந்துக்கடையில் பழச்சுவையோடு ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் பேரில் சேர்த்து விற்ற டெட்ரா பாக்கெட்டுகளும் வெறும் இனிப்புப் பானங்களே. அந்த அளவுப்படி தயாரிக்காத எதற்கும் அந்தப் பெயர் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பழைய சரக்கு எங்காவது இருந்தால் ஏமாறாதீர்கள். பையன் சோர்ந்து கிடந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டில் வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: கலருக்குப் பதில் பதநீர் குடி என்கிறார்கள். எனக்குச் சர்க்கரை உண்டு. கோலி சோடா பரவாயில்லையா? (வாசகர், சாயல்குடி)

பதில்: பதநீரைக் காய்ச்சித்தான் கருப்பட்டி எடுக்கிறார்கள் என்பது உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்குப் பத்துப் பங்கு, சில சமயம் அதற்கு மேலும் சர்க்கரைதான். மண் தந்த பானம், கலரைவிட ஆயிரம் மடங்கு மரியாதைக்குரியது. ஆனால் உங்கள் ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நுங்கு நல்லது. இளநீர் அளவாக, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதில் உள்ள பொட்டாசியத்தால் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். நன்னாரி சர்பத்தில் பாதி பாகுதான்.

கோலி சோடா, பன்னீர் சோடாபோல் இனிப்பு வகையாக இல்லாமல் வெறும் சோடாவாக இருந்தால் சர்க்கரையே இல்லை, தாராளமாகக் குடிக்கலாம். நம் கடற்கரையில் பல இடங்களில் கிணற்று நீர் உவர்ப்பு. எந்தத் தண்ணீரில் சோடா அடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பாட்டிலிலோ பெட்டியிலோ 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் ஒரு கடையில் 20 ரூபாய் பாட்டிலுக்கு 'கூலிங்' என்று 25 வாங்கினார்கள். சரியா? (சுற்றுலா வந்தவர், மதுரை)

பதில்: சரியில்லை. எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கடையில் வாங்கக் கூடாது. குளிர்வித்த செலவும் அதில் அடக்கம். ஒரே பொருளுக்கு இடத்துக்கு இடம் வெவ்வேறு எம்.ஆர்.பி. அச்சிடுவதும் 2018 ஜனவரி முதல் கூடாது. ஹோட்டலில் உட்கார்ந்து பரிமாறச் சொன்னால் மட்டும் கணக்கு மாறும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பில் கேளுங்கள், பாட்டிலைப் படம் எடுங்கள், 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள்.

அப்புறம், வாசலில் வெயிலில் அடுக்கியிருக்கும் ஜீரோ பாட்டிலை எடுக்காதீர்கள். அஸ்பார்டேம் சூட்டில் சிதைந்து இனிப்பு குறைந்துபோகும், கேஸும் இறங்கியிருக்கும். உள்ளே நிழலில் இருப்பதைத் தேதி பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.