பூச்சிகளைப் பற்றிக் கற்றுக்கொள்ள மலைக்குத்தான் போக வேண்டுமா?

“நாற்பது வயதுக்கு மேல் பூச்சிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை வந்திருக்கிறது. கடலூரில் இருக்கிறேன். இதற்கெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போக வேண்டுமா, எங்கிருந்து தொடங்குவது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

போக வேண்டியதில்லை. நம் கடற்கரையில் கொசுவும் கரப்பானும் தவிர வேறென்ன இருக்கிறது என்று பேசுவதைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும், பாகூர்ப் பக்கம் நெல், கரையோரம் தென்னை, தெற்கே பிச்சாவரத்தில் அலையாத்தி. அரை நாள் பஸ் பயணத்துக்குள் இத்தனை விதமான இடங்கள். ஒவ்வொன்றிலும் அதனதன் பூச்சிகள்.

நீங்கள் வேலைக்குப் போகிறவர், பெரிய கேமரா இல்லை, வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடியாவது இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எடுத்தவுடன் இனத்தின் பெயரைத் தேடாதீர்கள். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பூச்சியினங்கள் சுமார் 10 லட்சம். போட்டோ எடுத்துக் குழுவில் போட்டு “இது என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு மாதத்தில் அலுத்துவிடும். முதலில் வரிசையை, அதாவது ஒத்த பூச்சியினங்கள் சேர்ந்த பெரும்பிரிவைப் பிடியுங்கள். ஆறு கால், தலை-மார்பு-வயிறு என்று மூன்று பகுதி, ஒரு ஜோடி உணர்கொம்பு இருந்தால் பூச்சி. சிலந்தி, தேள், உண்ணி, பூரான், மரவட்டை எல்லாம் இந்தக் கணக்கில் வராது. அடுத்துப் பார்க்க வேண்டியது இறக்கையும் வாயும்.

முன்னிறக்கை ஓடு போல் கெட்டியாகி, முதுகின் நடுவே நேர்கோட்டில் சேர்ந்தால் வண்டு. 10 லட்சத்தில் ஏறக்குறைய 4 லட்சம் இவைதான். பொறிவண்டு, மின்மினி, தென்னையின் காண்டாமிருக வண்டு எல்லாம் இதில் அடக்கம். வயிற்றுப் பக்கம் மடங்கிய ஊசி போன்ற உறிஞ்சுவாய் இருந்தால் நாவாய்ப்பூச்சி வரிசை. நெல்லின் புகையான், அசுவினி, மாவுப்பூச்சி, மூட்டைப்பூச்சி, சிள்வண்டுகூட இங்கேதான். இறக்கையில் செதில் பொடியாக உதிர்ந்தால் வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும். நான்கு மெல்லிய இறக்கை, பெரும்பாலும் ஒடுங்கிய இடுப்பு என்றால் தேனீ, குளவி, எறும்பு. இரண்டே இறக்கை என்றால் ஈயும் கொசுவும். வீட்டைச் சுற்றி நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி இந்த ஐந்துக்குள் வந்துவிடும். தட்டான், வெட்டுக்கிளி, கரப்பான் வரிசைகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் எல்லோரும் தடுமாறுவது பூ ஈயிடம். மஞ்சளும் கருப்புமாகத் தேனீயைப் போலவே இருக்கும், ஆனால் கொட்டாது. இறக்கை ஒரு ஜோடிதான், உணர்கொம்பு மிகக் குட்டை, கண் தலையை அடைத்துக்கொண்டிருக்கும். பறக்கும்போது இறக்கையை எண்ண முடியாது, கொம்பைப் பாருங்கள்.

(கரையானுக்குத் தனி வரிசை என்று கல்லூரியில் படித்தவர்கள் திருத்த வர வேண்டாம். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு அதைக் கரப்பான் வரிசைக்குள்ளேயே வைக்கிறார்கள்.)

10 மடங்கு கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். அதைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பூச்சியை இரண்டரை செ.மீ. தூரம் வரை நெருக்கிக் கொண்டுவர வேண்டும். லென்ஸைப் பூச்சிக்கு மேல் நீட்டிப் பிடித்தால் மங்கலாகத்தான் தெரியும்.

இனி கறிவேப்பிலை. அதில் பறவை எச்சம் போல ஒரு புழு ஒட்டிக்கொண்டிருந்தால் அநேகமாக எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அல்லது அதன் உறவு. வளர்ந்ததும் பச்சையாகும், தொட்டால் தலைக்குப் பின்னால் கவைக்கொம்பு நீட்டி நாற்றம் விடும். வாயில் துணி கட்டிய பாட்டிலில் வளர்க்கலாம். இலைக்காம்பைச் சிறு தண்ணீர்க் குப்பியில் வைப்பதென்றால் அந்தக் குப்பியின் வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லாவிட்டால் புழு விழுந்து சாகும். எச்சத்தைத் தினம் கொட்டுங்கள், ஈரம் சேர்ந்தால் பூசணம் வரும். மார்க்கெட் கறிவேப்பிலை கூடவே கூடாது. அதில் மருந்து மிச்சம் இருக்கும், ஒரே நாளில் புழு சுருண்டுவிடும். உள்ளே ஒரு குச்சி கட்டாயம். வெளிவரும் பூச்சி தொங்கிக்கொண்டுதான் இறக்கையை விரிக்கும், பிடிமானம் இல்லாவிட்டால் இறக்கை முடங்கிப்போகும். கூட்டுப்புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் குட்டிக் குளவிகள் வந்தால் வருத்தப்படாதீர்கள். அவை ஒட்டுண்ணிகள். இப்படி அடுத்த பூச்சியின் உடலுக்குள் வளரும் குளவிகள் ஆயிரக்கணக்கான இனங்கள். பயிரைக் காப்பதில் பெரும் பங்கு இவற்றுடையது.

இரவுப் பூச்சிகளுக்கு ஒரு வெள்ளை வேட்டியைச் சுவரோரம் கட்டி, முன்னால் நீலம் கலந்த வெள்ளை விளக்கு போடுங்கள். மஞ்சள் எல்.இ.டி.க்கு அதிகம் வராது. அமாவாசையை ஒட்டிய, மழை ஓய்ந்த இரவு நல்லது. கடல் காற்று நேரே அடிக்கும் மாடியில் ஒன்றும் தங்காது, காற்று மறைவில் கட்டுங்கள். முடிந்ததும் விளக்கை அணைத்துத் துணியை உதறுங்கள். விட்டுவைத்தால் காலையில் பறவைகள் தின்று தீர்க்கும். வயல் பக்கத்து ஊர்களில் ஆரஞ்சும் கருப்புமாக, எறும்பு போன்ற ஒல்லி வண்டு ஒன்று மழைக்காலத்தில் வரும். மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள். நசுக்கினால் அதன் சாறு பட்ட இடம் மறுநாள் தீப்புண் போலக் கொப்பளிக்கும். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். டெங்கு என்றதும் சாயங்காலம் தெருவில் புகையடிக்கிறார்களே, அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, வீட்டுக்குள் துணிமணி, கட்டில் மறைவில் ஓய்வெடுப்பது. தண்ணீரில் இருக்கும் புழுவைப் புகை தொடாது. தெருவில் சாவதோ அந்துப்பூச்சியும் குட்டிக் குளவியும். கொசுவை விட்டுவைக்கச் சொல்லவில்லை. நோய் பரவும்போது புகைக்கும் ஒரு வேலை உண்டு. ஆனால் வாரம் ஒருமுறை தொட்டி, டயர், பிரிட்ஜின் அடித்தட்டு மூன்றையும் கொட்டிக் கவிழ்த்தாலே பெரும்பகுதி தீரும், ஏனென்றால் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். புதுச்சேரியில் 1975 முதல் கொசு போன்ற நோய்க்கடத்திகளுக்கென்றே ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தண்ணீரில் கொசுப்புழுவைக் குறிவைத்துக் கொல்லும் பாக்டீரிய ரகத்தை அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். அவ்வளவு பக்கத்தில் அறிவை வைத்துக்கொண்டு புகையை நம்புகிறோம்.

பிடித்துக் குத்தி வைக்கும் எண்ணம் வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டத்தின் பட்டியலில் பல வண்ணத்துப்பூச்சிகள் உண்டு, எது எதுவென்று தெரியாமல் சேகரிப்பது வம்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முந்திரி பூக்கும் தை, மாசியில் தோப்புக்குப் போங்கள். தோப்புக்காரரிடம் கேட்டு, சமீபத்தில் மருந்தடித்திருந்தால் வேறு தோப்பு பாருங்கள். துளிரும் பூங்கொத்தும் கருகியிருந்தால் அது தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சியின் வேலை; பெயர்தான் கொசு. பக்கத்து மரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்த செவ்வெறும்புக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய எறும்புகள் இலைகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில தங்கள் புழுக்களை வாயில் கவ்வி, அவை விடும் பட்டுநூலால் தைக்கும். இவை தேயிலைக் கொசுவை வேட்டையாடுபவை, அதனால் கூடுள்ள மரத்தையும் இல்லாத மரத்தையும் ஒப்பிட்டு, கருகிய துளிர்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுப் போங்கள். இந்த எறும்பு கடித்த இடத்தில் அமிலத்தையும் பீச்சும், நன்றாக எரியும்.