பஞ்சுப் பனியும் அச்சு முறுக்கும்

வணக்கம்.

தீபாவளிப் பலகாரம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர் கிறிஸ்துமஸ் ஞாபகம் வந்துவிட்டது. சாத்தான்குளம் பக்கம் பிறந்தவள் நான், இப்போது பெங்களூரில் இருக்கிறேன். சின்ன வயதில் சவுக்குக் கிளையை வெட்டி வந்து மண் வாளியில் நட்டு, மேலே பஞ்சை ஒட்டுவோம். அதுதான் பனி. இதைச் சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். "பனியே பார்க்காத ஊர்ல எதுக்கும்மா பனி? எல்லாம் வெள்ளைக்காரனைப் பார்த்து காப்பி அடிச்சது" என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்ல? நீங்களும் அந்தப் பக்கத்துக்காரர்தானே?

ஒரு வாசகி, பெங்களூரு

அன்புள்ள சகோதரி,

பஞ்சு விஷயத்தில் மகள் கட்சிதான் நானும். எங்கள் வீட்டிலும் ஒட்டினோம். காப்பியேதான்.

ஆனால் பண்டிகை மரத்தோடு வந்து இறங்கியதில்லை. உங்களுக்குப் பக்கத்து ஊரான முதலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர்கள் குடியேறுவதற்கென்றே 1799ல் உண்டான ஊர் அது. மரம் வைப்பது ஜெர்மனியில் பழைய வழக்கம்தான். இங்கிலாந்தில் சாதாரண வீடுகளுக்கு அது பரவியதெல்லாம், 1848ல் விக்டோரியா ராணி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு. லண்டனில் தெருவுக்குத் தெரு மரம் வருவதற்கு முன்பே நம் செம்மணல் தேரிக்காட்டில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. மகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

மரத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று கேட்பாள். அடுப்படி இருக்கிறதே! டிசம்பர் பாதியில் சிறுபயறு வறுக்கும் வாசம் கிளம்பினால் எங்களுக்குப் பண்டிகை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வறுத்த பயறைத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். ஆறினால் உதிர்ந்துவிடும். அதனால் பெரியம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லாரும் உட்கார்ந்து கைசுடச் சுட உருட்டுவார்கள். ஊர்க்கதை முழுக்க அப்போதுதான் எங்கள் காதில் விழும். உருண்டைகளை மூன்று மூன்றாக அரிசி மாவில் முக்கிப் பொரித்தால் முந்திரிக்கொத்து. பிளம் கேக்கெல்லாம் எங்கள் வீட்டுக்கு ரொம்பப் பிந்தி வந்த விருந்தாளி. வந்தபிறகும் பெரியவர்கள் யாரும் அதைப் பலகாரமாக மதிக்கவில்லை.

நட்சத்திரம் வீட்டு ஆம்பிளைகள் வேலை. மூங்கிலைச் சீவிக் கட்டி, பட்டத்தாளை மைதாப் பசையில் ஒட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பு. வடகிழக்குப் பருவமழை முடியாத மாதம் என்பதால் ஒரு நல்ல மழைக்கு அதன் கதை முடிந்துவிடும். மறுபடி ஒட்டுவார்கள். இன்றைய பிளாஸ்டிக் நட்சத்திரம் மழைக்கு அசையாது. ஆனால் ஒட்டிக்கொடுக்கச் சொல்லி மாமாவை நச்சரிக்கும் சுகம் அதில் கிடையாது. வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும் கேரல் ரவுண்ட்ஸ் உங்களுக்கே தெரியும்: பெட்ரோமாக்ஸ், முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா, பயந்து அழும் குழந்தைகள், நடுராத்திரியில் கருப்பட்டிக் காப்பி.

அப்புறம் பலகாரத் தட்டு. தீபாவளிக்குத் தட்டு அனுப்பிய இந்து வீடுகளுக்கெல்லாம் துணி மூடிய தட்டு போகும். தூக்கிக்கொண்டு போவது சிறுவர்கள்தான். இதை நினைத்து உருகும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தட்டு எல்லாத் தெருவுக்கும் போகவில்லை. எந்தத் தெருவோடு திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆலயத்தில் கேட்ட பிரசங்கம் அந்தத் தெருமுனை வரைதான் வந்தது. காப்பி என்று மகள் சொன்னதைவிட எனக்கு உறுத்துவது இதுதான். நம் பண்டிகை ஊருக்குள் முளைத்தது என்றால் ஊரின் கோணலும் அதில் இருக்கத்தானே செய்யும்.

பதிலை வாயால் சொல்ல வேண்டாம். அச்சு முறுக்கு சுட ஒரு அச்சு வாங்குங்கள். புது அச்சென்றால் எண்ணெயில் ஊறப்போட்டுப் பழக்க வேண்டும். பிறகு கொதிக்கும் எண்ணெயில் சூடேற்றி, தேங்காய்ப்பால் ஊற்றிக் கரைத்த மாவில் முக்கால்வாசி மட்டும் முக்கச் சொல்லிக்கொடுங்கள். முழுக்க முக்கினால் மாவு மேலேயும் மூடிக்கொண்டு கழலாது. எப்படியும் முதல் நாலைந்து முறுக்கு ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வரும். அவற்றைத் தின்று தீர்ப்பது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் பொறுப்பு.