முள்ளம்பன்றி பன்றி இனமா? கரட்டுக் காட்டில் பெயருக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு மலையடிவாரக் கிராமத்தில் நடுநிலைப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மாதம் ஒருமுறை பிள்ளைகளை ஊரை ஒட்டிய கரட்டுக்கு அழைத்துப் போகிறேன். கைப்பேசிச் செயலி ஒரே மரத்துக்கு மூன்று பெயர் காட்டுகிறது. ஊர்ப் பெரியவர்கள் நான்காவதாக ஒரு பெயர் சொல்கிறார்கள். "முள்ளம்பன்றி பன்றி இனமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டபோது உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. விலங்குகளையும் செடிகொடிகளையும் அடையாளம் கண்டு வகைப்படுத்த எங்கிருந்து தொடங்குவது? ஒரு மரத்தின் இலைப் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அந்தப் பையன் கேட்டதிலிருந்தே தொடங்கலாம் டீச்சர். முள்ளம்பன்றிக்கும் பன்றிக்கும் நெருங்கிய உறவு கிடையாது. அது எலியும் அணிலும் இருக்கிற கொறிக்கும் விலங்குகள் கூட்டத்தைச் சேர்ந்தது. மேலே இரண்டு, கீழே இரண்டு என உளி மாதிரி முன்பற்கள் இருக்கும். அவை வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் தேய்த்தாக வேண்டும். அதனால்தான் மரப்பட்டையைக் கொறிக்கும், காட்டில் கிடக்கும் எலும்பையும் உதிர்ந்த மான்கொம்பையும்கூட விடாது. பன்றிக்குக் குளம்பு, முள்ளம்பன்றிக்கு நகமுள்ள விரல்கள். பல்லும் பாதமும் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான் சொல்ல வருவது இதுதான்: முதலில் குடும்பம், அப்புறம் பெயர். நம் முன்னோர்கள் பெயர் வைத்தபோது உறவுமுறையைப் பார்த்து வைக்கவில்லை. எப்படித் தெரிகிறது, என்ன சுவை, எதற்கு உதவும் என்று பார்த்து வைத்தார்கள். சில பெயர்கள் உறவையும் சரியாகப் பிடித்துவிட்டன. கீழாநெல்லியும் நெல்லி மரமும் உண்மையிலேயே ஒரே பேரினம், அதாவது ஒரு குடும்பத்துக்குள்ளேயே இன்னும் நெருங்கிய கூட்டம். முழங்கால் உயரச் செடியும் மரமும் இப்படி நெருங்கிய சொந்தம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் நிலவேம்பு வேம்புக்குச் சொந்தமில்லை, கசப்பு ஒன்றுதான் பொது. அது ஆடாதோடையும் கனகாம்பரமும் இருக்கிற குடும்பம். பிள்ளைகள் எச்சில் தொட்டு வெடிக்க வைப்பார்களே பட்டாசுக்காய், அதுவும் இதே குடும்பம்தான். பெயரை மட்டும் நம்பி வகைப்படுத்தினால் பாதி நேரம் தவறிப்போகும்.

மரத்தைப் பார்க்கும்போது எல்லோரும் முதலில் பூவைத் தேடுகிறார்கள். பூ வருடத்தில் சில வாரங்கள்தான் இருக்கும். இலை பல மாதம் இருக்கும், ஆகவே இலையைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். முதல் கேள்வி, இது தனி இலையா, பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலையா? இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. இலைக்காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அந்த மொட்டு இருக்காது. வேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் 'ஓர் இலை' என்று கிள்ளுவது சிற்றிலைதான், மொத்த ஈர்க்கும் சேர்ந்துதான் ஓர் இலை. மலைவேம்பில் அந்த ஈர்க்கே மறுபடி கிளைத்துக் கிளைத்துப் போகும். இரண்டும் ஒரே குடும்பமாக இருந்தும், இதை வைத்தே தூரத்திலிருந்து பிரித்துவிடலாம்.

நெல்லியில்தான் பலர் ஏமாறுவார்கள். பார்ப்பதற்குப் புளிய இலை மாதிரி கூட்டிலையாகத் தெரியும். ஆனால் அந்த ஒவ்வொரு சின்ன இலையும் தனி இலை, அதைத் தாங்குவது இலைக்காம்பு இல்லை, மெல்லிய கிளை. சந்தேகம் இருந்தால் பூக்கும் காலத்தில் பாருங்கள், அந்தச் சின்ன இலைகளின் கக்கத்திலேயே பூ இருக்கும். சிற்றிலையின் கக்கத்தில் பூ வரவே வராது. கீழாநெல்லியிலும் இதே கதைதான், சிறு காய்கள் வரிசையாக இலைக்கு அடியில் தொங்கும். பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 'ஒரே பேரினம்' என்ற சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இரண்டாவது கேள்வி, இலைகள் கிளையில் நேருக்கு நேராக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா? உங்கள் பக்கம் மஞ்சணத்தி நிறைய இருக்கும். ஊருக்கு ஊர் நுணா என்றும் சொல்வார்கள். அதன் இலைகள் எதிரெதிரே இருக்கும், இரண்டு காம்புகளுக்கும் நடுவே கிளையை ஒட்டி ஒரு சின்னச் செதில் தெரியும். வெட்சியிலும் அப்படியே, மலைமேல் விளையும் காப்பியிலும் அப்படியே. மூன்றும் ஒரே குடும்பம். தெரியாத புதர் ஒன்றில் எதிரெதிர் இலையும் நடுச்செதிலும் இருந்தால், பெயர் தெரியாவிட்டாலும் 'காப்பிக் குடும்பம்' என்று குறிப்பேட்டில் எழுதலாம்.

மூன்றாவது, கிள்ளினால் என்ன வருகிறது? இதை நீங்கள் மட்டும் செய்யுங்கள், பிள்ளைகள் வேண்டாம். எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணில் பட்டால் பெரிய கேடு. சேங்கொட்டை மரத்தைத் தொடவே வேண்டாம். மாவுக்கும் முந்திரிக்கும் சொந்தமான மரம்தான், ஆனால் அதன் சாறு பட்ட இடம் கொப்பளித்துவிடும். இந்த எச்சரிக்கையோடு சொல்கிறேன், பால் வருவது நல்ல அடையாளம். ஆல், அரசு, அத்தி எல்லாம் பால் உள்ளவை. அவற்றின் நுனிக்கிளையில் ஒவ்வொரு கணுவிலும் மோதிரம் போட்டது மாதிரி ஒரு வட்டத் தழும்பும் இருக்கும். அது மொட்டை மூடியிருந்த உறை விழுந்த இடம். பாலும் மோதிரமும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் ஆலமரத்துச் சொந்தம்.

கரட்டில் சதுரக்கள்ளியும் சப்பாத்திக்கள்ளியும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் கள்ளி என்று பெயர், இரண்டும் சதைப்பற்றுள்ளவை, இரண்டிலும் முள். ஆனால் சதுரக்கள்ளி நம் மண்ணுக்குரியது, கீறினால் வெள்ளைப்பால் வடியும். ஆமணக்கும் அதன் குடும்பம்தான். சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, அதில் வெறும் நீர்தான் கசியும். வறண்ட நிலத்தில் தண்ணீரைச் சேமித்து வாழ வேண்டிய தேவை, சொந்தமே இல்லாத இரண்டு செடிகளை ஒரே மாதிரி ஆக்கியிருக்கிறது. தோற்றம் வேறு, உறவு வேறு என்று விளக்க இதைவிட நல்ல ஜோடி எனக்குக் கிடைத்ததில்லை.

அப்புறம் அவரைக் குடும்பம். உங்கள் கரட்டு மரங்களில் கணிசமானவை இதற்குள் வரும். காய் அவரைக்காய் மாதிரி நெற்றாக இருந்தால் இந்தக் குடும்பம், பூவை வைத்து உள்ளே மூன்றாகப் பிரிக்கலாம். உருண்டைப் பஞ்சாகவோ நீண்ட கதிராகவோ பூத்தால் வேலமரக் கூட்டம். ஐந்து இதழ் விரிந்த பூ என்றால் கொன்றை, ஆவாரைக் கூட்டம். பட்டாணிப்பூ மாதிரி வண்ணத்துப்பூச்சி வடிவில் இருந்தால் புங்கு, வேங்கைக் கூட்டம். கருவேலத்தையும் சீமைக்கருவேலத்தையும் பிரிக்கத் தெரியாமல் நல்ல கருவேலத்தை வெட்டிவிடுகிறார்கள், அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கருவேலம் மஞ்சள் உருண்டையாகப் பூக்கும், அதன் நெற்று விதைக்கு விதை இடுங்கி மணிமாலை போல இருக்கும். சீமைக்கருவேலம் கதிராகப் பூக்கும், நெற்று முற்றினால் வைக்கோல் நிறம். இந்த ஒன்றை மட்டும் பிள்ளைகள் கற்றுக்கொண்டு வீட்டில் சொன்னாலே ஊருக்குப் பெரிய உதவி.

விலங்குகளில் மானையும் மாட்டையும் எடுத்துக்கொள்வோம். மான் குடும்பத்தில் கொம்பு எலும்பால் ஆனது, பொதுவாக ஆணுக்கு மட்டும் வரும், விழுந்து புதிதாக முளைக்கும், கிளைக்கும். மாட்டுக் குடும்பத்தில் எலும்பின் மேல் நகப்பொருளால் ஆன உறை இருக்கும், அது விழாது, கிளைக்காது. இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். கேளையாட்டுக்குப் பெயரில் ஆடு இருக்கிறது, ஆனால் அதன் கொம்பு விழுந்து முளைக்கும், ஆகவே அது மான். வெளிமானுக்குப் பெயரில் மான் இருக்கிறது, முறுக்கிய கொம்பு கடைசிவரை விழாது, ஆகவே ஆடுமாடுகள் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. புள்ளிமானும் கடமானும் அசல் மான்கள். வரையாடு பெயருக்கேற்ப ஆட்டுச் சொந்தம். சருகுமானுக்குக் கொம்பே கிடையாது, அது மான் குடும்பத்திலும் சேராது, தனிக் குடும்பம்.

நாம் காட்டெருமை என்று சொல்வதும் எருமை இல்லை. நான்கு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது மாதிரி இருக்கும் அந்தப் பெரிய விலங்கு காட்டுமாடு. பழந்தமிழில் ஆமா என்று சொன்னார்கள், 'ஆ' என்பது பசுதானே. அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், உறவும் சரியாக வரும்.

இதே வரிசையில் மரநாய் நாய் இல்லை, புனுகுப்பூனை பூனை இல்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தம். கழுதைப்புலி கழுதையும் இல்லை, புலியும் இல்லை. தோற்றத்தில் நாய் மாதிரி இருந்தாலும் பூனை, கீரி பக்கம்தான் அதற்கு நெருக்கம்.

பகலில் பிள்ளைகள் விலங்கை நேரில் பார்ப்பது அபூர்வம், தடத்தைத்தான் பார்ப்பார்கள். நாய் நடந்த தடத்தில் நகக்குறி பதியும். பூனைக் கூட்டம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் பதியாது. ஈர மணலில் நான்கு விரலும் நகமில்லாமல் ஏழெட்டு செ.மீ. அகலமும் இருந்தால் சிறுத்தையாக இருக்கலாம், உடனே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். காட்டுப்பன்றிக் குளம்புத் தடத்தில் பின்னால் இரு பக்கமும் இரண்டு சின்னப் புள்ளிகள் பதிந்திருக்கும். மேய்ச்சல் ஆடுகள் போகும் இடத்தில் மான்தடம் என்று முடிவு கட்ட வேண்டாம், இரண்டும் அவ்வளவு ஒத்துப்போகும். பாறைமேல் பழவிதைகளாகவே கிடக்கும் எச்சம் பெரும்பாலும் மரநாயுடையது.

உங்கள் மாவட்டத்துக்கென்றே ஒரு பெருமை உண்டு. 2022ஆம் ஆண்டு திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுதான். பெரிய கண்ணும் வாலில்லாத மெல்லிய உடம்புமாக இரவில் மட்டும் நடமாடுவதால் அதை என்னென்னவோ இனமென்று நினைக்கிறார்கள். விரல்களைப் பாருங்கள், நம்மைப் போலத் தட்டை நகம். குரங்கும் மனிதரும் இருக்கிற வரிசையிலேயே அதுவும் இருக்கிறது. சூனியத்துக்கும் மருந்துக்கும் என்று அதைப் பிடித்துத் துன்புறுத்திய பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. அது பூச்சிகளைத் தின்று வாழும் சாது என்று உங்கள் பிள்ளைகள் ஊரில் சொல்ல வேண்டும்.

செயலியைக் குறை சொல்ல மாட்டேன். நாம் ஒரே ஓர் இலையைப் படமெடுத்துக் காட்டினால் அதுவும் தடுமாறத்தான் செய்யும். முழு மரம், பட்டை, இலையின் இரு பக்கம், இலை கிளையோடு சேரும் இடம், பூவோ காயோ இருந்தால் அதுவும் என்று தனித்தனியாக எடுங்கள். அது சொல்லும் பெயரை விடையாக எடுத்துக்கொள்ளாமல், சரிபார்க்க வேண்டிய ஒன்றாக எழுதுங்கள். பெரியவர்கள் சொல்லும் பெயரை, சொன்னவர் எந்த ஊர் என்பதோடு எழுதிவையுங்கள், அவை எந்தச் செயலியிலும் கிடைக்காது. உறுதிப்படுத்த வேண்டுமென்றால் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தில் உலர்த்திப் பதப்படுத்திய செடி மாதிரிகள் இருக்கின்றன.

காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். உதிர்ந்து கிடக்கும் மான்கொம்பையும் பள்ளிக்கு எடுத்து வர வேண்டாம், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. படம் போதும்.

சரி, நீங்கள் அனுப்பிய இலைக்கு வருகிறேன். பொடிப்பொடியான சிற்றிலைகள், கிளையில் முள் தெரியவில்லை. செயலி உசிலை, சூபாபுல், சீமைக்கருவேலம் என்று மூன்று சொல்லியிருக்கிறது. சீமைக்கருவேலம் என்றால் பெரும்பாலும் முள் இருக்கும், ஓர் இலையில் ஒன்று முதல் மூன்று ஜோடி ஈர்க்குகள்தான் பிரியும். உங்கள் படத்தில் பத்து ஜோடி எண்ண முடிகிறது, ஆகவே அதை விட்டுவிடலாம். சூபாபுல்லின் சிற்றிலை இதைவிடப் பெரியது, தட்டைக் காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். எனக்கு இது உசிலையாகத்தான் படுகிறது. அடுத்த முறை போகும்போது ஒரு கைப்பிடி இலையைப் பறித்துத் தண்ணீரில் கசக்கிப் பாருங்கள். நுரை வந்தால், பிள்ளைகளின் பாட்டிமார் தலைக்குத் தேய்த்துக் குளித்த அரப்பு இந்த மரத்து இலைதான்.