மேலே நடப்பது யார்? ரக்கூன், அணில் பற்றிய உங்கள் கேள்விகள்

மார்ச் பாதி தாண்டினால் போதும், எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் "அண்ணா, கூரைக்குள்ளே யாரோ நடக்கிறாங்கள்" என்றுதான் தொடங்கும். ரொறன்ரோ வட்டாரத்தில் கூரை திருத்துவதும், உள்ளே குடிவந்த விலங்குகளை வெளியேற்றுவதும் என் தொழில். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: இரவு பதினொரு மணிக்குப் பிறகு சீலிங்குக்கு மேலே தொம் தொம் என்று சத்தம். கணவர் எலி என்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை. (ஸ்காபரோ)

உங்கள் சந்தேகம்தான் சரி. எலி என்றால் சுவருக்குள் மெல்லிய பிறாண்டல்தான் கேட்கும். சீலிங் அதிர நடப்பது ரக்கூன், கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்டது போலிருக்கும் விலங்கு. வளர்ந்தது பத்துக் கிலோவையும் தாண்டும், இரவில்தான் நடமாடும். அணில் நேர்மாறு. விடிந்ததும் ஓட்டம், பொழுதுபட்டால் அடங்கிவிடும். இங்கே கறுப்பாகத் திரியும் அணிலும் சாம்பல் அணிலும் ஒரே இனம்தான், குணத்தில் வித்தியாசம் இல்லை. இரவில் இலேசான ஓட்டம் கேட்டால் எலி, அபூர்வமாகப் பறக்கும் அணில். கனத்த நடையோடு பறவைக்குஞ்சு கத்துவது போன்ற குரலும் சேர்ந்து கேட்கிறதா? அப்படியானால் உள்ளே ரக்கூன் குட்டிகள் இருக்கின்றன. அடுத்த பதிலை வாசிக்கும் வரை ஒன்றையும் தொடாதீர்கள்.

கேள்வி: கூரையோரத்துச் சோஃபிட் (கூரை விளிம்பின் அடிப்பக்கத்தை மூடும் தகடு) பெயர்ந்து தொங்குகிறது. இருட்டியதும் ரக்கூன் அதற்குள்ளிருந்து வெளியே போவதைக் கண்டோம். அது போன நேரம் பார்த்துப் பலகை அடித்துவிடலாமா? இது ஏப்ரல் மாதம் என்பதால் குளிர் பிரச்சினையும் இல்லை. (மார்க்கம்)

ஏப்ரல் என்பதால்தான் அடிக்கக் கூடாது. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் ரக்கூன் குட்டி போடுவது பெரும்பாலும் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில். இந்தக் காலத்தில் அட்டிக்குக்குள், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்துக்குள், போய்வருவது தாயாகத்தான் இருக்கும். ஆண் ரக்கூன் குட்டிகளை வளர்க்க வருவதில்லை. ஒரு ஈற்றில் மூன்று முதல் ஐந்து வரை இருக்கும். அவை கண் திறக்கவே மூன்று கிழமை, கூட்டை விட்டு வெளியே வர எட்டுப் பத்துக் கிழமை ஆகும்.

தாயை வெளியே விட்டு அடைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். அன்றிரவே அது கூரைமேல் பதித்த சிங்கிள் தகடுகளைப் பிய்த்து, அடியிலுள்ள பலகையையும் உடைத்துக்கொண்டு உள்ளே போகும். சோஃபிட் வேலை கூரை வேலையாகிவிடும். உள்ளே போக முடியாவிட்டால் குட்டிகள் பசியில் செத்துப்போகும். பிறகு சீலிங்கை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு அந்த நாற்றத்தோடு ஒரு வீட்டில் படுக்க முடியாது.

ரக்கூன் தாய்க்கு எப்போதும் வேறு இரண்டொரு இருப்பிடம் கைவசம் இருக்கும். அது தானாகப் போக நாம் ஒரு காரணம் கொடுத்தால் போதும். அட்டிக் கதவுக்கு அருகே பிரகாசமான விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். வானொலியில் பாட்டு வேண்டாம், ஆட்கள் ஓயாமல் பேசும் நிகழ்ச்சி வையுங்கள். மனிதக் குரல்தான் அதற்குப் பிடிக்காது. சில இரவுகளில் அது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்துப் பிடரியில் கவ்விக் கொண்டுபோய்விடும். பீலிக் குழாய் வழியாகத் தலைகீழாக இறங்கும். அதன் பின்னங்கால் பாதம் அப்படியே பின்பக்கம் திரும்பக்கூடியது. பார்க்கக் கிடைத்தால் பாருங்கள், ஆனால் எட்ட நின்று. வெளிச்சம் அடித்துப் படம் எடுக்கப் போனால் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போய்விடும்.

போய்விட்டதா என்று அறிய ஒரு செலவில்லாத வழி உண்டு. ஓட்டையில் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி இலேசாக அடையுங்கள். மழையில்லாத மூன்று இரவுகள் தாள் அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பனிக்காலத்தில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். கடுங்குளிரில் அது நாட்கணக்காக உள்ளேயே சுருண்டு கிடக்கும். தாள் சோதனை முடிந்த பிறகும் ரோர்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். மூடுவது என்றால் பலகையோ ஃபோமோ அல்ல. அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த நாகமுலாம் பூசிய கம்பிவலை, அதுவும் ஸ்டேப்பிளில் இல்லை, வாஷர் வைத்த திருகாணியில்.

கேள்வி: அணில் அட்டிக்குக்குள் வயரைக் கடித்திருக்கிறது என்று மின்வேலை செய்பவர் சொன்னார். ஆபத்தா? (பிரம்டன்)

ஆபத்துத்தான். அணிலின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், அதைத் தேய்க்க எதையாவது கடித்தே ஆக வேண்டும். உறை கழன்ற செம்புக் கம்பி மரத்தூள் போன்ற இன்சுலேஷனுக்குள் கிடந்தால் தீப்பிடிக்க இடம் உண்டு. வயரை முதலில் மாற்றுங்கள். பிறகு ஓட்டையில் ஒருவழிக் கதவு பொருத்துங்கள்: உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. ஆனால் சாம்பல் அணில் வருடத்தில் இருமுறை குட்டி போடக்கூடியது, குளிர் முடியும் தறுவாயில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை. குட்டிகள் தாமாக ஓடத் தொடங்கிய பிறகே கதவு வைக்கலாம். என்னைக் கேட்டால் ஒக்டோபர் நல்ல மாதம்.

கேள்வி: கூண்டு வைத்துப் பிடித்து, தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்தானே?

ஒன்ராறியோவில் அது சட்டவிரோதம். 1997ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி, உங்கள் சொத்துக்குச் சேதம் செய்யும் விலங்கைப் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் விட வேண்டும். காரணம் இல்லாமல் இந்த விதி வரவில்லை. 2015 டிசம்பரில் ஹமில்டனில் ரக்கூன் வகை விசர்நோய் (ரேபிஸ்) தலைகாட்டியது. அந்தக் கிருமி நியூயோர்க் மாநிலத்திலிருந்து தொலைதூரம் கடந்து வந்தது என்று மரபணு ஆய்வு காட்டியது. விலங்கை ஏற்றிக்கொண்டு போனால் நோயும் கூடவே ஏறிப் போகும். போதாக்குறைக்கு, ஓட்டை திறந்தே இருந்தால் அடுத்த ரக்கூன் வந்து குடியேற அதிக நாள் எடுக்காது.

கேள்வி: ஊரில் அலுமாரிக்குள் போடும் பூச்சி உருண்டையை அட்டிக் முழுக்க வீசினால்? அல்லது மிளகாய்த்தூள்? (எங்கள் மாமியின் யோசனை)

மாமியிடம் சொல்லுங்கள், பூச்சி உருண்டை வேண்டவே வேண்டாம். கனடாவில் அது பூச்சிக்கொல்லி. இறுக்கமாக மூடிய பெட்டிக்குள் மட்டும் பாவிக்க வேண்டும் என்று பொதியிலேயே எழுதியிருக்கும். அட்டிக்கில் வீசினால் ரக்கூன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு படுத்திருக்கும், அந்த ஆவியைச் சுவாசிப்பது கீழே தூங்கும் உங்கள் பிள்ளைகள். மிளகாய்த்தூளுக்கு ஒரு இடத்தில் மட்டும் பயன் உண்டு. பறவைத் தீனியில் கலந்தால் அணிலுக்கு எரியும், பறவைக்கு எரியாது. தோட்டத்தில் தூவினால் ஒரு மழையோடு சரி.

கேள்வி: வீட்டுக்கு வெளியே உள்ள டெக்கின் (பலகைத் தளத்தின்) ஒரே மூலையில் தினமும் நாய்ப் பீ போல, விதைகளோடு கிடக்கிறது. ஹோஸால் அடித்துக் கழுவலாமா? இரண்டு வயதுக் குழந்தை வீட்டில் இருக்கிறது. (ஏஜக்ஸ்)

ஹோஸால் அடிக்காதீர்கள், எல்லாப் பக்கமும் தெறிக்கும். ரக்கூன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மலம் கழிக்கும் பழக்கமுள்ளது. அதில் ஒருவகை உருண்டைப் புழுவின் முட்டைகள் இருக்கலாம். மண்ணை வாயில் வைக்கும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அதிக ஆபத்து. உள்ளே போனால் மூளையையும் கண்ணையும் பாதிக்கும். புதிதாகக் கிடக்கும் மலத்திலிருக்கும் முட்டை உடனே தொற்றாது, அதற்கு இரண்டு முதல் நான்கு கிழமை வேண்டும். ஆகவே கண்டவுடனே அகற்றுவது பாதி வேலையை முடித்துவிடும். கையுறை, என்95 முகக்கவசம், கழுவக்கூடிய சப்பாத்து. தூசி பறக்காமல் முதலில் நீர் தெளித்து நனைத்து, அள்ளி, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிறகு அந்த இடத்தில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். பிளீச் ஊற்றி நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அந்த முட்டையை பிளீச் கொல்லாது. அட்டிக்குக்குள் என்றால் கொதிநீர் ஊற்ற முடியாது, அழுக்கான இன்சுலேஷனை ஆள் வைத்து அகற்றுங்கள்.

கேள்வி: பட்டப்பகலில் ரக்கூன் வேலியில் இருக்கிறது. விசர் பிடித்ததா?

பகலில் கண்டதாலேயே நோய் என்று முடிவு கட்ட முடியாது. பால் கொடுக்கும் தாய் பகலிலும் தீனி தேடும். தள்ளாடி நடந்தால், ஆட்களைக் கண்டும் அசையாமல் நின்றால், ஒரே இடத்தைச் சுற்றினால் கிட்டப் போகாமல் நகரசபையின் 311 எண்ணுக்கு அழையுங்கள். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்தாலும் இப்படித்தான் இருக்கும். கடித்தோ கீறியோ விட்டால் சவர்க்காரத்தால் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: புரட்டாதிச் சனிக்குக் காகத்துக்குச் சோறு வைக்கிறோம். காகம் வருவதற்குள் ரக்கூன் தின்றுவிடுகிறது. (ஸ்காபரோ)

புரட்டாதி என்றால் செப்டெம்பர், ஒக்டோபர். பனிக்காலத்துக்காக ரக்கூன் கொழுப்பு ஏற்றும் மாதங்கள் அவை. நெய் விட்ட சோறும் பருப்பும் வேறு! இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ரொறன்ரோ நகரசபை 2023இலிருந்து காட்டு விலங்குகளுக்குத் தீனி வெளியே வைப்பதைத் தனியார் வளவுக்குள்ளும் தடை செய்திருக்கிறது, அயலவர் முறைப்பாடு செய்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விரதத்தை விடச் சொல்ல நான் யார்? கோயில் ஐயரிடம் கேட்டு வேறு ஒழுங்கு செய்ய முடியுமா பாருங்கள். எது செய்தாலும் இலையையும் மிச்சத்தையும் இரவில் வெளியே விடாதீர்கள். உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியின் பூட்டைத் திருப்பிவிட்டுத்தான் படுங்கள். 2016இல் நகரசபை அந்தப் பூட்டுத் தொட்டியைக் கொண்டுவந்ததே இந்த ரக்கூனுக்காகத்தான்.

கேள்வி: பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். அணில் வென்ட் (காற்று வெளியேறும் குழாய்) வழியாக வருகிறது. வீட்டுக்காரர் "நீங்களே பாருங்கோ" என்கிறார்.

அவர்தான் பார்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டு ஒன்ராறியோ வாடகைச் சட்டப்படி வீட்டைத் திருத்தமாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. வாயால் சொன்னதோடு விடாமல் திகதி போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், படமும் இணையுங்கள். அதுவரை வென்டை நீங்களாக அடைக்காதீர்கள். அது துணி உலர்த்தியின் வென்டாக இருந்தால், உள்ளே கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்கும்வரை உலர்த்தியையும் போடாதீர்கள்.